பட்டை நகராத வெள்ளிக்கிழமை

யுத்தம் மீண்டும் மூண்டிருந்த 2007ஆம் ஆண்டு அது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருந்த நான், திருகோணமலை உட்துறைமுகத்துக்கு அருகில் ஒரு பெண்கள் சங்கம் நடத்திய சிறிய கணினி நிலையத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கணினிகள், ஒரு தொலைபேசி, ஒரு கமரா. காலையில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு. பின்னேரங்களில், வெளிநாட்டிலுள்ள உறவுகளின் முகம் பார்த்துக் கதைக்க வருவோருக்கு இடம். கமராவைத் தாங்கக்கூடிய அளவுக்குப் பலமுள்ள கணினி ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது.

அந்தக் கணினிக்கு முன்னால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் வந்து அமர்ந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண். பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சும் இல்லை. அவருடைய கணவரும் அப்படியே. கட்டாரில் ஒரு தையற்கூடத்தில் வேலை. அந்தப் பக்கத்தில் அவர்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லாததால் இருவருக்கும் எழுத்தும் தெரியாது. மற்றவர்களுக்குத் தொலைபேசி இருந்தது, கடிதம் இருந்தது. இவர்களுக்கு இருந்ததெல்லாம் கைகள் மட்டுமே. கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவருக்குக் கைகளைக் காட்ட வேண்டுமானால் எங்கள் கமரா வேண்டும்.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. "பாதை" என்று எல்லோரும் சொல்லும் மிதவைப் படகில் கடலைக் கடந்து, பஸ் பிடித்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறித்தான் நகருக்கு வரவேண்டும். பின்னேரம் கடைசிப் பாதையைத் தவறவிட்டால் அன்று வீடு போய்ச் சேர ஏலாது. துணைக்குக் கணவனின் தங்கை வருவாள். இருபது வயதிருக்கும், வாய் ஓயாது. "நானா" என்று அவள் சொல்லும் அந்த அண்ணனோடு வளர்ந்தவள் என்பதால் அந்த வீட்டுச் சைகைகள் அவளுக்கு அத்துபடி. ஆனால் கமரா இருந்த அறைக்குள் அவள் வரமாட்டாள். வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு என்னோடு கதைப்பாள்.

அறையை ஒரு திரைச்சீலைதான் பிரித்தது. இணைப்புக்குப் பக்கத்திலேயே நான் இருக்கவேண்டியிருந்ததால் என் கதிரை திரைக்கு உட்புறத்தில் இருந்தது. பேசுகிறவர்களுக்குத் தனிமை கொடுப்பதென்றால் கதவைச் சாத்தலாம். இவர்களுக்கு நான் கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்த பிறகும் சில சைகைகள் என்னை அறியாமலே எனக்குள் வந்து படிந்துவிட்டன. இரண்டு கைகளையும் முன்னே நீட்டி நெஞ்சை நோக்கி இழுத்தால் "வாங்கோ". உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அழுத்தினால் "அங்கேயே இருங்கோ". ஒவ்வொரு வாரமும் விடைபெறும்போது அந்தப் பெண் முதலாவதைச் செய்வார். கணினித் திரையில் கணவர் சிரித்துக்கொண்டு இரண்டாவதைச் செய்வார்.

அந்தக் கணினி பல மாதங்களாகவே தன்னைப் புதுப்பிக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் ஒரு மஞ்சள் குறி எழும். "பிறகு" என்று பொருள்படும் பொத்தானை அழுத்தினால் மறைந்துவிடும். எங்கள் தொலைபேசி இணைப்பின் வேகத்தில் அந்தப் புதுப்பித்தலைத் தரவிறக்க நாட்கணக்காகும். அதுவரை எந்தத் தாயை, எந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது என்ற நியாயமான கேள்வி எனக்கு இருந்தது. அத்தோடு, அந்த நாட்களில் ஊரே எல்லாவற்றையும் பிறகுக்கு வைத்துத்தான் வாழ்ந்தது. கலியாணம், வீட்டுக் கூரை, கண் சத்திரசிகிச்சை எல்லாமே "பிறகு பாப்பம்"தான். நானும் ஒவ்வொரு காலையும் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, முகம் பார்த்துக் கதைக்கும் மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. பழைய பதிப்பு இனி இயங்காது, புதியதைப் போட இயங்குதளத்தைப் புதுப்பித்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. கொழும்பில் கணினித் திருத்துநராக இருந்த என் பல்கலைக்கழக நண்பர் ஒருவரிடம் உதவி கேட்டேன். தேவையான எல்லாவற்றையும் ஓர் இறுவட்டில் பதிந்து, தெரிந்த ஒருவரிடம் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். வியாழன் காலை வந்திருக்க வேண்டிய இறுவட்டு. மேலே பேனையால் எழுதப்பட்டிருந்த வட்டு என்பதால், வழியில் ஒரு சாவடியில் சந்தேகப்பட்டு அதை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குக் கணினி தேடியிருக்கிறார்கள். அது என் கைக்குக் கிடைத்தபோது வெள்ளிக்கிழமை மதியம் நெருங்கிவிட்டது.

கிடைத்த கையோடு போட்டேன். வன்தட்டில் இடம் போதாது என்றது. தேவையற்ற கோப்புகளை அழித்து இடம் எடுத்துக் கொடுத்தேன். பிறகு நீலப் பட்டை ஒன்று தோன்றி மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கியது. கணினியை அணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை அதன் கீழே இருந்தது. பாதியைத் தாண்டியதும் பட்டை நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

அப்போதுதான் அவர்கள் இருவரும் வந்தார்கள். தங்கை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மிஸ், இண்டைக்கு உங்கட அறைக்குள்ள பெரிய சமாதானப் பேச்சுவார்த்தை இரிக்கி. நானாட முதலாளி நாளைக்குக் காலைல பதில் கேக்கிறாராம், இன்னும் ரெண்டு வருஷம் நிக்கிறியா, இல்ல இந்த மாசத்தோட ஊருக்குப் போறியா எண்டு. போன கிழமையே நானா மதினிட்ட செல்லிட்டாராம், யோசிச்சு வை எண்டு."

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"என்னட்ட ஆர் கேக்கிற? ரெண்டு பேரும் கையால சண்டை பிடிச்சு முடிக்கட்டும். நடுவுக்கு நோர்வேக்காரர் தேவையில்ல." சிரித்தாள். பிறகு குரலைக் குறைத்தாள். "வீடு லிண்டல் மட்டத்தில நிக்கிது மிஸ். கூரை போட்டால்தான் எனக்குக் கலியாணம்."

எங்கள் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் ஒப்பேறாது. அந்தப் பாரம் மூத்த ஆண்பிள்ளையின் தலையில். அண்ணன் கட்டார் போனதே அந்த வீட்டுக்காகத்தான். அவள் அதை ஒளிக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை.

அந்தப் பெண் இதற்குள் கமராவுக்கு முன்னால் போய் அமர்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நீலப் பட்டையைக் காட்டினேன். கைகளை விரித்தேன். அவர் முகத்திலிருந்து மலர்ச்சி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பட்டை அசையுதில்லை. நிப்பாட்டிப் போட்டுத் திருப்பிப் போடட்டோ?"

"பெட்டிக்கு முன்பக்கம் ஒரு சின்ன லைட் இருக்கே, அது மினுங்குதோ?"

"ஓம், விட்டு விட்டு மினுங்குது."

"அப்ப அது உள்ளுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கு. தயவுசெய்து கை வையாதேங்கோ. இப்ப நிப்பாட்டினா நாளைக்கு அது எழும்பவே எழும்பாது. பிறகு நான் வந்துதான் பாக்கோணும். இந்த நிலைமையில நான் எங்க அங்க வாறது?"

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பழைய மெஷின். ஒரு மணித்தியாலமும் ஆகலாம், பொழுதுபட்டும் ஆகலாம்."

நகரில் கமரா வைத்திருந்த மற்ற இடத்தையும் விசாரித்தேன். அவர்களுடைய இணைப்பு முதல் நாளே அறுந்திருந்தது. ஆகவே இரண்டு வழிகள்தான் இருந்தன. துணிந்து நிறுத்தினால் ஒருவேளை இன்றைக்கே கமரா கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் இந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, வரும் வாரங்களில் வரப்போகும் அத்தனை பேருக்கும் கதவு மூடிவிடும். பொறுத்திருந்தால் மற்ற எல்லோரும் தப்புவார்கள், இவர் ஒருவர் மட்டும் இழப்பார். நான் பொறுத்திருக்கத் தீர்மானித்தேன். இன்று அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன். என் மனவருத்தம் அந்தத் தீர்மானத்தில் இல்லை.

பெட்டியில் மினுங்கிய சிறு விளக்கை அந்தப் பெண் கவனித்துவிட்டார். அதன் மேல் விரலை வைத்து, பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, புருவத்தை உயர்த்தினார். உயிர் இருக்கிறதா என்கிறார். நான் தலையசைத்தேன். அவர் கதிரையை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியின் பக்கத்தில் இருப்பவரைப் போல அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதைக்குப் புறப்படும் நேரம் நெருங்கியபோது தொலைபேசி மணி அடித்தது. கட்டாரிலிருந்து ஓர் ஆண் குரல்.

"தங்கச்சி, நான் அவருக்குப் பக்கத்து மெஷின்ல தைக்கிற ஆள். ஊர் கல்முனை. அவர் இதில கமராவுக்கு முன்னால ஒரே நிலையில நிக்கிறார். உங்கட பக்கம் ஏன் வரல்ல எண்டு கேக்கிறார். எனக்கு அவர்ர கை பாதிதான் விளங்கும், பிழையெண்டால் கோவிக்கப்படாது."

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். தங்கை திரையை விலக்கி உள்ளே வந்தாள். அந்த அறைக்குள் அவள் வந்தது அதுவே முதல்தடவை. கணவர் அங்கே கைகளால் சொல்ல, கல்முனைக்காரர் அதைச் சொற்களாக்க, அந்தச் சொற்களைத் தங்கை இங்கே மீண்டும் கைகளாக்கினாள். ஒரு புருஷனும் பெண்சாதியும் தனியாகக் கதைத்துவந்த கதை இப்போது இத்தனை பேரின் ஊடாக நடந்தது. வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த ஓர் அம்மாவும் திரை ஓரத்தால் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுகம் விசாரித்தார்கள். பிறகு கல்முனைக்காரர் சொன்னார்:

"நிக்கிறதா, வாறதா எண்டு மனிசி செல்லட்டாம். அவ என்ன செல்றாவோ அதைத்தான் நாளைக்குச் செய்வாராம்."

தங்கை அதைக் கைகளால் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் விளையாட்டு இருக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு மதினியின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் இரண்டு கைகளையும் உயர்த்தி முன்னே நீட்டினார். எனக்கு அந்தச் சைகை தெரியும். வாராவாரம் பார்த்தது. ஆனால் கைகள் நெஞ்சை நோக்கித் திரும்பவில்லை. பாதியில் நின்றன. அவர் கண்கள் எதிரே நின்ற தங்கையின் முகத்துக்குப் போயின. பிறகு இடக்கையை மடியில் வைத்தார். வலக்கையின் உள்ளங்கையைக் கீழே திருப்பி, இரண்டு முறை அழுத்தினார்.

"நிக்கட்டாம் எண்டு செல்றா," என்றாள் தங்கை தொலைபேசியில். உடனே மதினியிடம் திரும்பிக் கைகளாலும் வாயாலும் சேர்த்துக் கேட்டாள்: "வடிவா யோசிச்சுத்தான் செல்றீங்களா மதினி?"

அவர் தலையசைத்தார்.

பிறகு கல்முனைக்காரர் தயங்கியபடி சொன்னார்:

"அவர் தலையை ஆட்டுறார் தங்கச்சி. நம்பிறாரில்ல. அவட முகத்தப் பாக்காம நான் எப்பிடி நம்பிற எண்டு கேக்கிறார் போல."

"மெஷின் வேலை செய்யல்ல எண்டு செல்லுங்க நானா. எங்களுக்குப் பாதைக்கு நேரம் போகுது," என்றாள் தங்கை. அத்துடன் அழைப்பும் அறுந்தது. அவர்களுடைய தொலைபேசி அட்டையில் காசு முடிந்திருக்கும்.

அவர்கள் அவசரமாக இறங்கிப் போனார்கள். அந்தப் பெண் வழமைபோல எனக்கு ஸலாம் சொல்லக் கையை உயர்த்தவில்லை. மறந்திருப்பார்.

அடுத்த வாடிக்கையாளருக்கும் கைவிரித்து அனுப்பிவிட்டு நான் அந்தப் பட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்தில் வெயில் மஞ்சளாகி இறங்கத் தொடங்கிய வேளையில், யாரும் எதுவும் செய்யாமலே, பட்டை அசைந்தது. விறுவிறென்று நிரம்பியது. கணினி தானே அணைந்து தானே எழுந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கொழும்பு நண்பர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

சோதித்துப் பார்ப்பதற்காகப் புதிய மென்பொருளைத் திறந்தேன். கட்டார்ப் பக்கத்துப் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கணத்தில் திரையில் அவர் முகம் வந்தது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மனைவியை எதிர்பார்த்த கண்கள் என்னைக் கண்டு தடுமாறின. கையை உயர்த்தி, எங்கே என்று கேட்டார். நான் கையை அலையாக அசைத்துக் காட்டினேன். மனைவி பாதைக்குப் போய்விட்டார் என்பது அவருக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு நிமிர்ந்தார். என்னால் மறக்க முடியாதது இதுதான். இரண்டு கைகளையும் நீட்டி, மெதுவாக நெஞ்சை நோக்கி இழுத்தார். இழுத்துவிட்டு உள்ளங்கைகளை மேலே திருப்பி, புருவத்தை உயர்த்தி, என்னையே பார்த்தார். அவள் வரச் சொன்னாளா என்று கேட்கிறார். அந்த அறையில் நின்றவர்களில் இப்போது அவரால் கேட்கக்கூடிய ஒரே சாட்சி நான்.

எனக்குத் தெரிந்த சைகைகள் மிகச் சில. ஆனால் அந்தக் கேள்விக்குத் தேவையான இரண்டும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மனதில் ஓடியவை எல்லாம் நியாயங்கள்தான். பாதியில் நின்ற ஒரு கையை முழுமையாக்கிச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தப் பெண் தலையசைத்தது உண்மைதானே? கூரையில்லாமல் நிற்கும் ஒரு வீட்டையும், ஒரு பெண்ணின் கலியாணத்தையும், ஒரு குடும்பத்தின் கணக்கையும் ஒரு கணினி நிலையக்காரி கண்ட அரைச் சைகையால் குலைக்கலாமா? படித்தவள் என்பதால் எனக்கு எல்லாப் பக்கத்தையும் யோசிக்கத் தெரிந்திருந்தது. யோசித்து முடித்து, உள்ளங்கையைக் கீழே திருப்பி இரண்டு முறை அழுத்தினேன்.

அவர் அதைப் பார்த்தார். மெல்லத் தலையசைத்தார். திரை அணைந்தது.

அடுத்த நாள் அவர் இரண்டு வருடத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் முகம் பார்த்துக் கதைத்தார்கள். நான் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வளையல்களின் சத்தம் நெடுநேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவேண்டிய நேரம் வந்தபோது அவர் முக்காட்டின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரை வெறுமையாக இருந்தது. என்னைக் கண்டதும் சிரித்து, பெட்டியின் மினுங்கும் விளக்கைத் தொட்டுக்காட்டினார். உயிரோடு இருக்கிறது என்கிறார்.

அதன் பின் நிலைமை இன்னும் மோசமானது. பாதை ஓடாத நாட்கள், வீதி மூடிய நாட்கள், இணைப்பும் தொலைபேசியும் அறுந்த நாட்கள். சில மாதங்களில் அவர்களுக்கு வெள்ளிக்கிழமைகளே இருக்கவில்லை. வேறு எவராலும் அவர்களுக்கு இடையில் ஒரு சொல்லைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத மாதங்கள் அவை. "இரண்டு வருடம்" என்று நான் இலகுவாகக் கையால் அழுத்திக் காட்டியது இதைத்தான் என்று அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

யுத்தம் முடிந்தது. கிண்ணியாவுக்குப் பாலமும் வந்தது. கணவர் திரும்பி வந்து சில மாதங்கள் சென்றபின், ஒரு நாள் தங்கை தனியாக நிலையத்துக்கு வந்தாள். கலியாணப் பத்திரிகை தந்தாள். வீட்டுக்குப் போட்ட ஓட்டின் நிறத்தைப் பற்றியும் மாப்பிள்ளையின் மீசையைப் பற்றியும் நிறையக் கதைத்தாள். எழும்பும்போதுதான் கேட்டாள்.

"மிஸ், அண்டைக்கு மதினிட கை பாதில நிண்டிச்சே, நீங்களும் கண்டீங்கதானே?"

"ஓம்," என்றேன்.

"நானும் கண்டனான். கண்டுட்டுத்தான், வடிவா யோசிச்சீங்களா எண்டு கேட்டனான். அவ தலையாட்டினவுடனே எனக்கு அது போதும் எண்டு இரிந்திச்சு." பத்திரிகைக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "புது வீட்டுல முன் அறையை அவங்க ரெண்டு பேருக்கும் விட்டிரிக்கன் மிஸ். மாப்பிள்ள வீட்டார் முகம் சுளிக்கிறாங்க. சுளிக்கட்டும்."

அவள் தன்னால் முடிந்த விதத்தில் அந்தக் கைக்குப் பதில் சொல்லிவிட்டாள். நான் கொடுக்கக்கூடியதாக என்னிடம் ஓர் அறை இருக்கவில்லை.

இப்போது எனக்கு ஒரு நல்ல பதவி இருக்கிறது. என் மேசையிலுள்ள கணினி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் எப்போதாவது திரையில் அந்தப் பட்டை தோன்றி நிற்கும்போது என் கைகள் மேசைக்கு மேல் அசையாமல் நின்றுவிடுகின்றன. ஒருவர் சொன்னதைப் பிழையின்றி ஒப்புவித்துவிட்டு, அவர் சொல்ல வந்ததைக் கண்டும் காணாமல் விட்ட அந்தப் பின்னேரத்தில், என் நேர்மையே இரண்டு பேருக்கு நடுவில் நகராமல் நின்ற பட்டையாக இருந்தது என்பதை நான் இன்னும் எனக்குள் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.